முழங்கையில் மடித்த துவக்கு

அது கண்ணிவெடி என்றுதான் முதலில் நம்பினேன். நம்பிவிட்டுப் பேசாமல் நின்றிருந்தால் பரவாயில்லை. நான்கு புனல் ஸ்பீக்கரில் ஊருக்கே சொன்னேன்.

என் தொழில் அப்படி. கோயில் திருவிழா, கலியாணம், செத்தவீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவன் நான். மைக்கைப் பிடித்தால் பகிடி விடாமல் இறங்கமாட்டேன். உடுவிலில் என் முகம் தெரியாதவர்களுக்கும் என் குரல் தெரியும். அன்று மயிலிட்டியில், சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பிப் போன சனம் இடிந்து கிடந்த கோயிலைக் கட்டி முடித்துக் கும்பாபிஷேகம் வைத்த நாள். மைக்கை மச்சானிடம், அதாவது என் மனைவியின் தம்பியிடம், கொடுத்துவிட்டு ஓர் அவசரத்துக்கு அடுத்த வளவின் பற்றைக்குள் ஒதுங்கினேன். அவசரம் முடியும் முன் காலடியைப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்தில் வட்டமாக, மேல்பக்கம் செம்மஞ்சளாக, பாதி மணலுக்குள் புதைந்தபடி ஒரு சாமான். நடுவில் மேடு. அதைச் சுற்றி வளையம் வளையமாக வரி.

எங்கள் பக்கத்தில் வட்டமாகப் பாதி புதைந்து கிடக்கிற எதையும் யாரும் சாப்பாட்டுக் கோப்பை என்று நினைப்பதில்லை. மண்டையோட்டுப் படத்தோடு சுவர் சுவராக ஒட்டியிருந்த எச்சரிக்கைகளில், தொடாதே என்று போட்டிருந்த சாமான்கள் பெரும்பாலும் வட்டம்தான். அந்த வளவில் எல்லாவற்றையும் கிண்டி எடுத்து முடித்து, சனத்தைக் குடியேறவும் விட்டாயிற்று. அது என் மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. ஒரு கால் மண்ணிலும் மற்றக் கால் அந்தரத்திலுமாக நின்றேன். ஒரு கையில் இடுப்புச் சாரம். மற்றக் கையில் போன்.

இந்த இடத்தில் எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். நான் தூரத்தில் நிற்கும்போது ஏதாவது அறிவிக்கவேண்டி வந்தால் மச்சானுக்குப் போன் எடுப்பேன். அவன் போனை மைக்கின் வாயோடு பிடிப்பான். நான் வீட்டில் படுத்திருந்தே அன்னதான அறிவித்தல் சொன்ன நாட்களும் உண்டு. அன்றும் மேளச் சத்தத்தில் என் குரல் கேட்காமல், வழக்கப்படி அவன் போனை மைக்கோடு வைத்துவிட்டான்.

ஆகவே கும்பாபிஷேகத்துக்கு வந்த அவ்வளவு சனமும் கேட்டது. நான் வெடிக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்பதைக் கேட்டது. உயிரோடு வந்தால் முருகனுக்குத் தூக்குக்காவடி எடுக்கிறேன் என்பதைக் கேட்டது. "மச்சான், உன்ரை கலியாணத்திலை ஜெனரேற்றர் நிண்டது மழையாலை இல்லையடா, நான் டீசல் விட மறந்துபோனன்" என்பதையும் கேட்டது. கும்பத்தோடு மேலே ஏறியிருந்த ஐயர் இறங்கவா நிற்கவா என்று தெரியாமல் கோபுரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாராம். கீழே ஒருவரும் இல்லை.

அப்போதுதான் பற்றையை விலக்கிக்கொண்டு அக்கா வந்தார்.

அக்கா என்றுதான் நாங்கள் எல்லோரும் கூப்பிட்டோம். அறுபது தாண்டியவர். சில மாதங்களாக உடுவிலில் என் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தார். நான் ஒற்றைக் காலில் நின்றது அவருடைய தகப்பன் காணியில்; அது எனக்கு அதுவரை தெரியாது. றப்பர்ச் செருப்போடு, கடற்கரையில் நடக்கிறவர் மாதிரி நேராக நடந்து வந்தார். வந்து, முதலில் இரண்டு கைகளையும் விரித்து எனக்குக் காட்டினார். வெறும் கை.

"தம்பி, காலை வையும். உது என்ரை சாமான்."

குனிந்து அதை எடுத்து, முழங்கால் சில்லில் ஒரு தட்டுத் தட்டினார். அப்பளம்போல உடைந்தது. களிமண் தட்டு என்று அதற்குப் பேர் என்றார்; போன கிழமை தான் தனிய எறிந்து பார்த்ததில் ஒன்றாம். பேரில் மட்டும்தான் களிமண்; சுண்ணாம்புப் பொடியும் தாரும் சேர்த்து அச்சில் வார்ப்பது. "எறிஞ்சுபோட்டுச் சுடுறது," என்றார்.

போன் இன்னும் மைக்கில் இருந்தது. ஓடிய சனம் வீதியில் நின்று அந்தக் கடைசி வார்த்தையைத் தெளிவாகக் கேட்டது. பொலிசும் கேட்டது.

அவர்கள் வந்து, துவக்கு எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றார் அக்கா. அவர்கள் நம்புவதற்கு முன்பே தான் வந்த காரின் பின்கதவைத் திறந்தார். கைப்பையைத் தலைகீழாகப் பிடித்தார். உடுவில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, பெட்டி பெட்டியாக, லாச்சி லாச்சியாகத் திறந்து வைத்தார். சீனிப் போத்தலின் மூடியைக்கூட விடவில்லை. செம்மஞ்சள் தட்டுகள் நிறைய இருந்தன. காதுமூடி இருந்தது. மஞ்சள் கண்ணாடி இருந்தது. தோட்டா போட்டுக்கொள்ளப் பெரிய பைகள் தைத்த கையில்லாச் சட்டை இருந்தது. துவக்கு மட்டும் இல்லை. அதற்கு அனுமதி கேட்டுப் போட்டிருந்த விண்ணப்பம் அரைவாசித் தூரம் போயிருந்தது. வந்திருந்த அதிகாரி மரியாதையான மனுசன். ஊர் இப்படிக் கலங்கிப்போன நேரத்தில் இது சரிவராது அம்மா, கொஞ்சம் ஆறட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த விண்ணப்பம் பிறகு அசையவே இல்லை.

அக்கா என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ஒரு பகிடி விட்டுச் சமாளித்திருப்பேன்.

இந்தத் திறந்து காட்டுகிற பழக்கம் அன்று பொலிசுக்காக வந்தது என்று நினைக்கவேண்டாம். எப்போதும் அப்படித்தான். சங்கக் கடையில் சாமான் வாங்கிவிட்டு வெளிக்கிடும்போது, கேட்காத காசாளருக்குப் பையை விரித்துக் காட்டுவார். எங்கள் வீட்டுக்கு வந்தால் குடையை விரித்து, உதறி, அதற்குள் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் சுவரோடு சாத்துவார். தேத்தண்ணி குடித்து முடித்தால் கோப்பையைச் சரித்து அடியைக் காட்டுவார். என் மனைவி முதலில் அவரோடு கோபித்துக்கொண்டதும் இதனால்தான். பொங்கலுக்குப் பொங்கல் கொடுத்துவிட்ட சட்டியை அக்கா கழுவித் துடைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார். எங்கள் ஊரில் ஒருவரும் சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. நாலு வாழைப்பழமாவது, ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பதுதான் முறை. அக்கா என்றால் மூடியைத் திறந்து, சட்டியைச் சரித்துப் பிடித்து, "பாரும் பிள்ளை, ஒண்டும் இல்லை," என்று பெருமையோடு நீட்டினார். மனைவி மூன்று நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஊர் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தது. சோதனைச் சாவடிப் பழக்கம், பாவம் என்றார்கள். எங்களுக்கு அது இலகுவாக விளங்குகிற நோய். நானே சில நேரம் சொந்த வீட்டு வாசலில் பொக்கற்றுக்குள் அடையாள அட்டையைத் தேடுகிறவன். அதை அக்காவிடமே ஒருநாள் கேட்டேன். சிரித்துவிட்டார். தான் பிரச்சினை பெருக்க முந்தியே கலியாணம் கட்டி அவுஸ்திரேலியா போய்விட்டதாகவும், ஒரு சாவடியில்கூடப் பை திறந்ததில்லை என்றும் சொன்னார்.

"நீங்கள் திறந்தது பயத்திலை. நான் திறக்கிறது மரியாதைக்கு."

கோதுமை விளைகிற ஒரு சின்ன ஊரில், தானியக் களஞ்சியத்தில் கணவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை போக அங்கே கோயில் இல்லை, கடல் இல்லை, சொந்தக்காரர் இல்லை. இருந்தது ஒரு சூட்டுக் கழகம். கணவர் சும்மா விடுப்புப் பார்க்கப் போனார். அக்கா தேத்தண்ணி ஊற்றப் போனார். யாரோ பகிடிக்கு அக்காவின் கையில் துவக்கைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து கணவர் தேத்தண்ணி ஊற்றினார்.

அந்தத் துவக்கு நடுவில் மடிகிற துவக்கு. ஒரு குழலுக்கு மேல் இன்னொரு குழல். நெம்பைத் தள்ளினால் பிணைச்சலில் மடிந்து, குழலின் பின்வாய் இரண்டும் திறந்து நிற்கும். சுடுகிற இடத்தில் வந்து நின்று, தன்னுடைய முறை வந்த பிறகுதான் தோட்டா போட்டு மூடலாம். மற்ற நேரம் முழுக்க அதை மடித்து முழங்கையில் போட்டுக்கொண்டுதான் நடக்கவேண்டும். எதிரே வருகிறவர் அந்த வாய்க்கூடாக மற்றப் பக்க வெளிச்சத்தைப் பார்க்கலாம். "வெளிச்சம் தெரிஞ்சால் எல்லாரும் நிம்மதியாத் தேத்தண்ணி குடிக்கலாம்," என்பார் அக்கா. முதல் நாள் அதைத்தான் படித்தாராம். மூடிய துவக்கோடு இரண்டு அடி நடந்த ஒரு பெரிய பணக்காரரை அன்றே வீட்டுக்கு அனுப்பியதைப் பார்த்தாராம்.

பிறகு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு மயிலிட்டிக்குப் போகத் தொடங்கினேன். பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வான் வண்டியில், ஸ்பீக்கர்களுக்கு முன்னால், அக்கா முன் சீற்றில். அவருக்குத் தட்டு எறிய ஓர் ஆள் வேண்டியிருந்தது. எனக்குத் தண்டனை வேண்டியிருந்தது.

எறிவதற்கு முழ நீளத்தில் ஒரு பிளாஸ்ரிக் கை. நுனியில் தட்டைக் கவ்விப் பிடிக்கிற வாய். கையைச் சுழற்றி விசுக்கினால் தட்டு கவ்விலிருந்து வழுக்கி, சுழன்றுகொண்டு போகும். அப்படித்தான் போகவேண்டும். நான் எறிந்த முதல் தட்டு பின்னால் போய் என் வானின் கண்ணாடியை உடைத்தது. இரண்டாவது நேரே மேலே போனது. அது எங்கே இறங்கும் என்று தெரியாமல் நான் கிணற்றைச் சுற்றி ஓடினேன். அக்கா அசையாமல் நின்று, எல்லா ஆட்களும் பின்னுக்கு எறிஞ்சுதான் முன்னுக்கு எறியப் பழகுறது என்றார்.

அவருடைய கையில் இருந்தது மண்வெட்டிப் பிடி. ஆம், துவக்கு இல்லாத குறைக்கு அதைத்தான் தோளில் வைப்பார். கன்னத்தைப் பிடியோடு ஒட்டி வைப்பார். முகத்தைத் தூக்கினால் சூடும் மேலே போய்விடும். காதுமூடி போடுவார். மஞ்சள் கண்ணாடி போடுவார். வெடிக்காத மண்வெட்டிப் பிடிக்குக் காதை ஏன் மூடவேண்டும் என்று கேட்டேன். எனக்கும் ஒரு காதுமூடி தந்துவிட்டு, நாலு ஸ்பீக்கருக்குக் கீழை நிக்கிற ஆள் இதை முப்பது வருசம் முந்திப் போட்டிருக்கவேணும் என்றார். அன்று முழுக்க எனக்கு வலது காதில் மட்டும் கூவிக்கொண்டிருந்தது. அது எப்போதும் கூவிக்கொண்டிருந்திருக்கிறது, அன்றுதான் கவனித்தேன்.

தட்டை எப்போது எறிவது என்பது என் கையில் இல்லை. அக்கா கூப்பிடவேண்டும். அந்தக் கழகத்தில் தட்டு எறிகிற பொறிக்குக் காது உண்டாம். சுடுகிறவர் குரல் கொடுத்ததும் தட்டு தானே பாயும். என்ன சொல்லியும் கூப்பிடலாம். சிலர் நாயைக் கூப்பிடுவதுபோலக் கத்துவார்களாம். அக்கா "ஓம்" என்பார். நாங்கள் சம்மதம் சொல்கிற அதே ஓம். கழகத்தில் பாதிப் பேர் அதை மந்திரம் என்று கடைசிவரை நம்பினார்களாம். இவர் திருத்தவில்லை.

அவர் சொல்லித் தந்தவற்றில் எனக்கு விளங்கிய அளவு இவ்வளவுதான். தோட்டாவுக்குள் இருப்பது ஒரு குண்டு இல்லை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஈயச் சன்னம் ஒரு கூட்டம். வெங்காயத்துக்குத் தண்ணி அடிக்கும்போது குழாய் வாயை விரலால் இறுக்கினால் தண்ணி ஒடுங்கித் தூரம் போகும், விரலை விட்டால் கிட்டத்தில் விரிந்து விழும். துவக்கின் வாயையும் அப்படி இறுக்கலாம், தளர்த்தலாம். பிறகு, தட்டைப் பார்த்துச் சுடக்கூடாது. தட்டு போகப்போகிற இடத்தைப் பார்த்துச் சுடவேண்டும். "பஸ் நிக்கப்போற இடத்துக்கு ஓடும் தம்பி. இப்ப போற இடத்துக்கு ஓடினால் புகையைத்தான் பிடிப்பீர்." சுட்ட பிறகும் கை நிற்கக்கூடாது, தட்டோடு கூடப் போய்க்கொண்டே இருக்கவேண்டும். தட்டு பொறியிலிருந்து உடைந்தபடி வந்தால் அது கணக்கில்லை, வேறு தட்டுக் கேட்கலாம். நான் எறிந்தவற்றில் கணக்கில்லாதவைதான் கூட.

மண்வெட்டிப் பிடியில் பட்டதா தவறியதா என்று யார் சொல்வது? நான் நடுவர். முகத்துக்காக எல்லாவற்றையும் பட்டது, பட்டது என்று கத்தினேன். அக்கா திரும்பிப் பார்ப்பார். "இல்லை. பின்னாலை போட்டுது." இல்லாத சன்னம் எந்தப் பக்கத்தால் போனது என்று அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் பிடியைத் தோளிலிருந்து இறக்கி, மடிப்பதுபோல ஒரு பாவனை செய்து, முழங்கையில் போட்ட பிறகுதான் என்னிடம் வருவார். மண்வெட்டிப் பிடியை மடித்துக் காட்டுகிற ஒரு மனுசியை நான் முதலில் வீட்டில் நடித்துக் காட்டிச் சிரிப்பு மூட்டினேன். பிறகு நடிக்கவில்லை.

நடிப்பை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு பின்னேரம். எந்தக் கண் ஆளுகிற கண் என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. இரண்டு கைகளாலும் சின்ன ஓட்டை செய்து, கையை நீட்டி, அதற்குள்ளே தூரத்திலுள்ள ஒன்றைப் பிடிக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடவேண்டும். எந்தக் கண்ணுக்கு அந்தப் பொருள் ஓட்டைக்குள் நிற்கிறதோ அதுதான் ஆளுகிற கண். என் முற்றத்தில் நின்று எல்லோருக்கும் செய்து பார்த்தார். எனக்கு இடது. மனைவிக்கு வலது. மச்சான் இரண்டையும் சேர்த்து மூடிவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்றான். சிரித்து முடித்து, அக்கா தானும் செய்தார். கைகளை நீட்டி, இடது கண்ணை மூடினார்.

"சுத்தி எல்லாம் தெரியுது. ஓட்டையும் தெரியுது. நடுவிலை நிக்கிற சாமானை மட்டும் காணன்."

ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லியிருக்கிறார்கள். வலது கண்ணின் நடுப்பகுதி மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது, நிறுத்த வழியில்லை. அதனால்தான் அந்த அவசரம், அந்த விண்ணப்பம். இருபத்தைந்து தட்டு ஒரு சுற்று. மயிலிட்டியில், வீடு நின்ற அத்திவாரத்துக்குப் பக்கத்தில், கிணற்றடியில் நின்று, ஒரேயொரு சுற்று. ஏன் அங்கே என்று மனைவி கேட்டாள்.

"அந்தக் காணியிலை இவ்வளவு காலமும் வெடி வைச்சதெல்லாம் ஆரோ. ஒரு சுற்று நான் வைக்கவேணும்."

அன்று இரவு என் பகிடி ஒன்றும் வேலை செய்யவில்லை. அந்தச் சுற்றை அவரிடமிருந்து பறித்தது பொலிசுமில்லை, கண்ணுமில்லை. ஒற்றைக் காலில் நின்று காவடி நேர்ந்த நான்.

தென்மராட்சியில் என் சித்தப்பாவிடம் அனுமதியோடு ஒரு துவக்கு இருக்கிறது. தேங்காயும் பலாவும் குரங்குக்குப் போகாமல் இருக்க வைத்திருக்கிற பழைய இரட்டைக்குழல். அக்காவின் துவக்குப்போல அதுவும் நடுவில் மடிவதுதான். அதை ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கிவருவது என்று முடிவெடுத்தேன். சட்டப்படி பிழை. அது எனக்குத் தெரியும். அதற்காக எவ்வளவு பயப்படவேண்டுமோ அவ்வளவும் பயந்தேன்.

சித்தப்பா கேள்வி கேட்காத மனுசன். வீட்டு மூலையிலிருந்து எடுத்து, பாயில் சுற்றித் தந்தார். தோட்டா வேறாக ஒரு துணிப் பையில். "வெறும் துவக்குத்தான், பயப்பிடாமல் கொண்டு போ," என்றார். பிரித்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பொய் சொல்லவில்லை, தோன்றியது. அக்கா அவ்வளவு ஞாயிற்றுக்கிழமை முழங்கையில் மடித்துக் காட்டியது வீண்போகவில்லை. ஆனால் சித்தப்பா முன்னால் நிற்கிறார். தகப்பனின் தம்பி கையால் தந்த பொருளை அவர் முற்றத்திலேயே வைத்துப் பிரித்துப் பார்ப்பதா? சொந்தக்காரர் தருகிற பலகாரப் பெட்டியை வாசலில் வைத்து மூடி திறப்போமா? கும்பிட்டு வாங்கி வானின் பின்னால், ஸ்பீக்கர்களுக்கு நடுவில் வைத்தேன்.

உடுவிலில் அக்காவை ஏற்றினேன். ஒன்றும் சொல்லவில்லை, போய்க் காட்டுவோம் என்றிருந்தேன். வழியில் ஒரு பொலிஸ்காரர் கைகாட்டி மறித்தார். மனதுக்குள் அடுத்த காவடிக்கு நேர்த்தி வைத்தேன். அவர் ஜன்னலில் குனிந்து, மகளின் சாமத்தியவீட்டுக்கு ஸ்பீக்கர் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் சேர், கிடைக்கும் சேர் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு கண்டம் கழிந்தது என்று மயிலிட்டி வரைக்கும் பாட்டுப் போட்டுக்கொண்டு, தாளம் தட்டிக்கொண்டு ஓட்டினேன். அக்காவும் விரலால் தட்டிக்கொண்டு வந்தார்.

அக்கா இப்போது மெல்பேணில் மகளோடு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கொஞ்ச நாளில் போய்விட்டார். மயிலிட்டியில் வீடு கட்டவில்லை. வலது கண்ணின் நடுப்பகுதி முற்றாகப் போய்விட்டது. கண்ணுக்காகத்தான் போனார் என்று ஊர் சொல்கிறது. அனுமதி கிடைக்காத மனவருத்தம் என்று கோயிலடியில் சொல்கிறார்கள். இரண்டையும் நான் மறுத்துச் சொல்லிவிட்டேன். மைக்கில் பகிடி விடுகிற வாய் என்பதால் ஒருவரும் நம்பவில்லை. கண்ணிவெடிக் கதையைத்தான் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள்.

வெளிக்கிடும் நாளில் சூட்கேசை எங்கள் முற்றத்தில் திறந்து என் மனைவிக்குக் காட்டினார். மனைவி அதற்குள் ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாய் வைத்து மூடினாள். போனில் முகம் பார்த்துக் கதைக்கும்போது இன்றைக்கும் தேத்தண்ணிக் கோப்பையைச் சரித்து அடியைக் காட்டுகிறார். படம் கொஞ்சம் ஓரமாகத்தான் விழும். ஓரக்கண்ணால்தான் இப்போது பார்க்கிறார். என்னை ஏசுவாரா என்று ஒவ்வொரு முறையும் காத்திருக்கிறேன். தம்பி, காதுமூடி போடுறனீரே என்று கேட்கிறார்.

நான் இப்போது எல்லாவற்றையும் திறந்து பார்க்கிறேன். அம்பிளிபயர்ப் பெட்டி, டீசல் ராங்கி, மாமியார் தந்துவிடுகிற சாப்பாட்டுப் பார்சல். மாமியார் கோபித்துக்கொண்டார். கோபிக்கட்டும்.

அன்றைக்கு நடந்தது இதுதான்.

கிணற்றடியில் வானை நிறுத்தினேன். அக்கா இறங்கிக் காதுமூடியை எடுத்துக் கழுத்தில் போட்டார். நான் பின்கதவைத் திறந்து, பாயைப் பிரித்து, ராசாவுக்கு வாள் நீட்டுவதுபோலத் துவக்கை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினேன். அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைக் கண்டேன் என்பதற்கு என் இடது கண் சாட்சி. ஆனால் கையை நீட்டவில்லை.

"உது ஆற்றை?"

சொன்னேன்.

"திறந்து பாத்தனீரே?"

"ஓம்," என்றேன்.

அந்தச் சொல்லை நான் அவரிடமிருந்து அத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறேன். என் வாயால் அவருக்குச் சொன்னது அன்றுதான்.

வாங்கினார். வாயை நிலத்துக்குப் பிடித்தார். பெருவிரலால் நெம்பைத் தள்ளி மடித்தார். வெளிச்சம் தெரியவில்லை. இரண்டு குழலிலும் தோட்டா இருந்தது. நல்ல பித்தளைக் குண்டி, பளபளவென்று. "குரங்கு சொல்லிப்போட்டே வருது?" என்று சித்தப்பா பிறகு கேட்டார். அதனால் எப்போதும் தோட்டா போட்டுத்தான் வைத்திருப்பாராம், அன்றைக்கு எடுக்க மறந்துபோனாராம்.

அக்கா இரண்டையும் நகத்தால் இழுத்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டார். துவக்கை முழங்கையில் மடித்துப் போட்டுக்கொண்டு கிணற்றுக் கட்டில் இருந்தார். நான் போன் எடுத்துச் சொல்லி, சித்தப்பா பஸ் எடுத்து வந்து வாங்கிக்கொண்டு போகும்வரை, பொழுதுபடும்வரை, அப்படியே இருந்தார். தட்டு ஒன்றும் கேட்கவில்லை. இருட்டுவதற்கு முன் ஒரேயொரு கேள்வி கேட்டார். வானுக்குள் அது எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று.

வெறும் பாயைச் சுருட்டி, ஸ்பீக்கர்களுக்கு நடுவில், காலையில் வைத்ததுபோலவே வைத்துக் காட்டினேன்.

குழல் இரண்டும் முன் சீற்றின் முதுகைப் பார்த்துக் கிடந்தன. உடுவிலிலிருந்து மயிலிட்டி வரைக்கும் அக்கா அந்தச் சீற்றில்தான் இருந்து வந்தார்.